இசைத்தட்டில் ஏறிய கடம்: ஜெயகணேஷ் வித்யாலயாவும் சக்தி குழுவும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் வியாபாரிகளும் அதைச் சுற்றியுள்ள தெருக்களின் இசை ரசிகர்களும் படிக்கப்போகும் இந்த மலரில் கடத்துக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருப்பது மிகப் பொருத்தமானது. பானை நமக்குப் புதிதல்ல. தை பிறந்தால் புதுப்பானை தேடாத வீடு நம் ஊரில் குறைவு. வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்று நமக்கெல்லாம் பெருமை சேர்த்திருக்கிறது. அதே மண்ணால் ஆன ஒரு வாத்தியத்தைக் கச்சேரி மேடையின் பின்வரிசையிலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்து, அமெரிக்க நிறுவனங்கள் வெளியிட்ட இசைத்தட்டுகளில் ஏற்றிய பள்ளி சென்னையில் இருக்கிறது. ஸ்ரீ ஜெயகணேஷ் தாள வாத்திய வித்யாலயா என்பது அதன் பெயர். அந்தப் பள்ளியின் வரலாறும், 'சக்தி' என்ற குழுவின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. இரண்டையும் சேர்த்தே இங்கே சொல்கிறோம்.

எல்லோரும் இந்த வரலாற்றைச் சென்னையிலிருந்து தொடங்குவார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் சற்று முன்னால் போய் நம் ஊரிலிருந்தே தொடங்க உரிமை உண்டு.

1910 ஏப்ரல் 4 அன்று ஸ்ரீ அரவிந்தர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1914 ஆகஸ்ட் 15 முதல் 'ஆர்யா' என்ற ஆங்கில மாத இதழ் இங்கிருந்து வெளிவந்தது. அதில் அவர் தொடராக எழுதியவற்றுள் தலையாயது 'தி லைஃப் டிவைன்'. 1926-இல் ஆசிரமம் உருவாயிற்று. நேரு வீதி வழியாகக் கிழக்கே நடந்து பெரிய வாய்க்காலைத் தாண்டினால் சிறிது நேரத்தில் அங்கே போய்விடலாம். 1944-இல், பெற்றோரை இழந்த 12 வயது வங்காளிச் சிறுவன் ஒருவன் சிட்டகாங் பகுதியிலிருந்து அந்த ஆசிரமத்துக்கு வந்தான். சின்மய் குமார் கோஷ் என்பது அவன் பெயர். ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் வசம். ஆசிரமத்து விளையாட்டுத் திடலில் ஓட்டப் பந்தய வீரராக வளர்ந்து, நளினிகாந்த குப்தாவிடம் எழுத்துப் பணிகள் செய்து, கவிதைகள் எழுதி, 20 ஆண்டுகளை அவர் இங்கேயே கழித்தார். 1964-இல் நியூயார்க் சென்றார். அங்கே ஸ்ரீ சின்மய் என்று பெயர் பெற்றார். அந்தப் பயணத்தால் அமெரிக்க ராக் இசையில் விளைந்ததைப் பின்னால் காண்போம். அதற்குள் தமிழ்நாட்டில் வேறொரு பக்கம் நடந்துகொண்டிருந்ததைச் சொல்லியாக வேண்டும்.

கடம் பழமையான வாத்தியம்தான். ஆனாலும் கச்சேரியில் அதற்குக் கிடைத்த இடம் நெடுங்காலம் சிறியதாகவே இருந்தது. மிருதங்கம் பக்கவாத்தியம், கடம் உபபக்கவாத்தியம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்து முடித்து விட்டுக்கொடுக்கும் சில ஆவர்த்தனங்களே கடக்காரருக்கு. பழனி கிருஷ்ணய்யர், உமையாள்புரம் கோதண்டராமய்யர், வில்வாத்ரி ஐயர், ஆலங்குடி ராமச்சந்திரன் முதலிய பெரியவர்கள் அந்தச் சில ஆவர்த்தனங்களுக்குள்ளேயே கடத்தின் மானத்தைக் காத்தார்கள். அவர்களை நினைக்காமல் பின்னால் வந்தவர்களின் புகழைப் பேசுவது முறையாகாது.

மேடையில் இருந்தவர்களை மட்டும் சொன்னாலும் போதாது. மானாமதுரைக் குயவர்களின் கைகளே கடத்துக்குப் பிறப்பிடம். சுற்றுவட்டாரக் கண்மாய்களின் களிமண்ணை மணலோடு சேர்த்துப் பதமாகப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, உள்ளே கல்லை அணை கொடுத்து வெளியே மரப்பலகையால் ஓயாமல் தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்கி, நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். சோற்றுப் பானைக்குச் சுவர் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் குற்றமில்லை. கடத்துக்கு அப்படி இருந்தால் நாதம் போய்விடும். சென்னைப் பக்கத்துக் கடம் எடை குறைவு. மானாமதுரைக் கடம் கனத்த சுவரும் கணீரென்ற ஓசையும் உடையது, வாசிப்பவர் விரலிலும் அதற்கேற்ற வலு வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. மிருதங்கத்தைப் போல வாரை இறுக்கிச் சுருதி சேர்க்க இதில் வழியில்லை. சூளையிலிருந்து எந்தச் சுருதியோடு வெளிவந்ததோ ஏறக்குறைய அதே சுருதிதான் ஆயுள் முழுவதும். பாடகருக்கேற்ப வெவ்வேறு கடங்களைச் சுமந்துகொண்டு போக வேண்டியதுதான். மானாமதுரையின் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தபோது, இந்த உழைப்புக்கு நாடு செலுத்த வேண்டிய கடனில் ஒரு பகுதி தீர்ந்தது.

ஐம்பதுகளுக்கு வருவோம். தேத்தாக்குடி டி.ஆர். ஹரிஹர சர்மா மிருதங்கம் அறிந்தவர், அதைவிட மிருதங்கம் கற்பிக்க அறிந்தவர். 1942 ஆகஸ்ட் 11 அன்று பிறந்த அவருடைய மகன் விநாயக்ராம், சிறு வயதிலேயே தந்தையிடம் பாடம் தொடங்கினார். 1956-இல் தூத்துக்குடியில் ராமநவமி விழாவில் வித்வான் வி.வி. சடகோபனின் கச்சேரியில் அரங்கேற்றம். அப்போது பையனுக்கு 13 வயது. கச்சேரிக்கு முதல் நாள் இரவு அவருடைய கடம் உடைந்தது. உடைத்தது சடகோபனின் சின்னஞ்சிறு மகன். குழந்தையின் பெயர் கணேஷ். அரங்கேற்றத்துக்கு முன்னால் வாத்தியம் உடைவதை அபசகுனமாக எடுத்துக்கொள்ளும் உலகத்தில், விநாயகர் பெயர் கொண்ட குழந்தை கையால் உடைந்ததை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டது அந்தக் குடும்பம். நடந்தவற்றைப் பார்த்தால் அவர்கள் கணக்கே சரி என்று தோன்றுகிறது. (அதே 1956 மே 28 அன்றுதான் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது என்பதையும் நம் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம்.)

1958-இல் ஹரிஹர சர்மா சென்னையில் வித்யாலயாவைத் தொடங்கினார். ஜெயகணேஷ் என்ற பெயருக்குப் பின்னாலும் பிள்ளையார்தான். தாள வாத்தியங்களுக்கென்றே ஒரு பள்ளி என்பது அன்றைக்குத் துணிச்சலான முயற்சி. வாய்ப்பாட்டு கற்க வருவோர் உண்டு, வீணைக்கு உண்டு. தாளம் கற்பதோ, குருவின் வீட்டில் இருந்து அவர் சொன்ன வேலையெல்லாம் செய்து, அவர் வாசிக்கக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்வது என்றே இருந்தது. அதை வகுப்பாகவும் பாடத்திட்டமாகவும் ஒழுங்குபடுத்தினார் ஹரிஹர சர்மா. மிருதங்கப் பயிற்சிக்கு வழிகாட்டியாக ஆங்கிலத்தில் புத்தகமும் எழுதினார். வித்யாலயாவின் வழி எளியது, கடுமையானது. சொல்லை முதலில் வாயால் சொல்ல வேண்டும், கையில் தாளம் போட வேண்டும், கணக்கு மனத்தில் நிற்க வேண்டும், அதற்குப் பிறகே விரல் வாத்தியத்தைத் தொடலாம். மிருதங்கம், கடம், கஞ்சிரா, முகர்சிங் எதுவானாலும், தாளச் சொற்களை வாயாலேயே ஒலிக்கும் கொன்னக்கோலானாலும் அடிப்படை ஒன்றே. தம் பிள்ளைகளுக்கும் பிறர் பிள்ளைகளுக்கும் ஒரே தட்டில் பரிமாறிய ஆசிரியர் அவர் என்பதற்குச் சான்று பின்னால் வருகிறது.

அறுபதுகளில் விநாயக்ராம் சென்னையின் கச்சேரி மேடைகளில் நிலைபெற்றார். 'விக்கு' என்ற செல்லப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாசய்யர், ஜி.என். பாலசுப்பிரமணியம் போன்ற பெரியவர்களுக்குப் பின்னால் அமர்ந்து வாசித்தார். 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியது தமிழர் அனைவரும் அறிந்த செய்தி. ராதா விஸ்வநாதன் உடன் பாட, வி.வி. சுப்பிரமணியம் வயலினும் டி.கே. மூர்த்தி மிருதங்கமும் வாசித்த அந்த மேடையில் கடத்துடன் அமர்ந்திருந்தவர் 24 வயது விக்கு விநாயக்ராம். வித்யாலயா தொடங்கி 8 ஆண்டுகளுக்குள் அதன் மாணவர் ஒருவர் உலக நாடுகளின் பிரதிநிதிகள் முன் வாசித்துவிட்டார்.

எழுபதுகள் இந்த வரலாற்றின் மையம். சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும்.

நியூயார்க்கில் ஸ்ரீ சின்மயிடம் சேர்ந்த சீடர்களுள் ஒருவர் ஜான் மெக்லாஃப்லின். இங்கிலாந்தில் பிறந்த கிடார் கலைஞர். குரு அவருக்கு மகாவிஷ்ணு என்று பெயரிட்டார். 1971-இல் அவர் நியூயார்க்கில் தொடங்கிய குழுவுக்கும் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்றே பெயர். மின் கிடாரும் டிரம்ஸும் இடி இடித்த அந்தக் குழு ராக்கையும் ஜாஸையும் ஒன்றாகக் கலந்தது. 1973-இல் வந்த அவர்களுடைய 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பத்தின் பின் அட்டையில் ஸ்ரீ சின்மயின் கவிதை அச்சாயிற்று. அதே காலத்தில் இன்னொரு பெரிய சீடரும் வந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற ராக் குழுவான சாண்டானாவை நடத்திய கார்லோஸ் சாண்டானா. அவருக்குக் கிடைத்த பெயர் தேவதீப். இருவரும் சேர்ந்து 1973-இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ஆல்பம் 'லவ் டிவோஷன் சரண்டர்'. அன்பு, பக்தி, சரணாகதி என்ற குருவின் நெறியே அதன் தலைப்பு. அந்த இசைத்தட்டில் மெக்லாஃப்லின் அமைத்த ஓர் உருப்படியின் பெயரைக் கவனியுங்கள்: 'தி லைஃப் டிவைன்'. புதுச்சேரியில் 'ஆர்யா'வில் தொடராக வந்த நூலின் பெயர், ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்து, அமெரிக்க ராக் கலைஞர்களின் இசைத்தட்டில் ஒரு பாட்டுக்குத் தலைப்பாயிற்று. நம் நேரு வீதிக்கும் நியூயார்க்குக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பதை நாம் இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். அந்த இசை இரைச்சல் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். இரவு நேரத்தில் ஒருமுறை முழுவதுமாகக் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லட்டும்.

மெக்லாஃப்லின் பக்தியோடு நிற்கவில்லை. பாடம் படிக்கப் போனார். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் கர்நாடக இசையை அமெரிக்காவில் ஊன்றிய இடம். டி. ரங்கநாதன், டி. விஸ்வநாதன், ராம்நாட் ராகவன் போன்ற நம்மவர்கள் அங்கே ஆசிரியர்களாக இருந்தவர்கள். அங்கே டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாஃப்லின் வீணை கற்றார். இசையாய்வுக்காக அங்கே வந்திருந்த சென்னை வயலின் கலைஞர் எல். சங்கர் அவருக்கு நண்பரானார். தபலா மேதை அல்லாரக்காவின் மகன் ஜாகிர் உசேன் ஏற்கெனவே கலிஃபோர்னியாவில் இருந்தார். வித்யாலயாவின் விக்கு விநாயக்ராம் அதே மாநிலத்தின் பெர்க்லியில் உள்ள உலக இசை மையத்தில் கடம் கற்பித்தார். வடக்கும் தெற்கும் மேற்கும் சந்திக்க எல்லாம் கூடி வந்தது.

1975 ஜூலை 5. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரி. மேடையில் மின்சார இரைச்சல் எதுவும் இல்லை. மெக்லாஃப்லின் கையில் மரக் கிடார் மட்டும். அதன் மேற்பகுதியில் வழக்கமான கம்பிகளுக்குக் குறுக்கே இன்னும் 7 கம்பிகள் கட்டித் தம்பூராவைப் போல ரீங்காரமிடச் செய்திருந்தார்கள். வீணையின் கமகம் வர வேண்டும் என்று மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்தும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் எல். சங்கரின் வயலின், ஜாகிரின் தபலா, ராம்நாட் ராகவனின் மிருதங்கம், விக்குவின் கடம். அன்று வாசித்ததைப் பதிவு செய்து 1976-இல் கொலம்பியா வெளியிட்டது. 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு அது. அதன் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, ஏறக்குறைய அரை மணி நேரம். நம்மூர் ராகம் தானம் பல்லவிக்குப் பழகியவர்களுக்கு இது வியப்பில்லை. மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகிய அமெரிக்க ராக் ரசிகர்கள் அதை அமர்ந்து கேட்டார்கள் என்பதே வியப்பு.

அந்த மேடையில் கடம் யாருக்கும் பின்னால் இல்லை. எல்லோரும் ஒரே வரிசையில் சம்மணமிட்டு அமர்ந்தார்கள். தபலாவும் கடமும் கேள்வியும் பதிலுமாக நேருக்கு நேர் பேசிக்கொண்டன. மிருதங்கம் விட்டுக்கொடுத்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்ற நிலை மாறியது. ஹரிஹர சர்மா வகுப்பில் வாயால் சொல்லவைத்த கணக்குகள், கர்நாடக இசை என்ற பெயரையே கேட்டிராத அவைகளில் கைதட்டல் வாங்கின.

ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான ஆல்பங்கள் பின்னால் வந்தன. 1976 ஆகஸ்டில் லண்டனின் டிரைடன்ட் ஸ்டூடியோவில் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' பதிவாயிற்று. அதன் முதல் உருப்படியின் பெயர் பிரெஞ்சில் இருக்கிறது: 'லா தான்ஸ் த்யு போனர்'. நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. அது தொடங்குவது கிடாரிலும் இல்லை, வயலினிலும் இல்லை. கொன்னக்கோலில். ஆங்கிலேய ஸ்டூடியோவில், பிரெஞ்சுத் தலைப்பின் கீழ், தமிழ்நாட்டுச் சொற்கட்டு. சக்தியின் முதல் மூன்று தட்டுகளில் இதுவே சிறந்தது என்பது எம் கருத்து. கூடத்தின் அமைதியில் கடத்தின் வயிற்றுப் பக்கத்துக் கும்கியும் கழுத்துப் பக்கத்துக் கூர்மையான ஓசையும் தனித்தனியே கேட்கின்றன. நேரடிக் கச்சேரிப் பதிவில் அது கிடைக்காது. 1977-இல் ஜெனீவாவில் பதிவான 'நேச்சுரல் எலமென்ட்ஸ்' மூன்றாவது. அதில் உருப்படிகள் சிறியவை.

இடையூறுகளும் இருந்தன. மின் கிடாரில் புகழ்பெற்ற ஒருவர் தரையில் அமர்ந்து மரக் கிடார் வாசிப்பது இசைத்தட்டு வியாபாரத்தின் கணக்குக்குள் அடங்கவில்லை. மண் வாத்தியத்தோடு நாடு நாடாகப் போவதோ வேறு வகைச் சோதனை. தோல் கிழிந்தால் மாற்றலாம், கம்பி அறுந்தால் கட்டலாம். விமான நிலையத்தில் யாரோ ஒருவர் பெட்டியைச் சற்று ஓங்கி வைத்துவிட்டால் மானாமதுரைச் சூளை ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறது. அத்தனையையும் தாங்கிக்கொண்டு உலகைச் சுற்றினார்கள். 1978-இல் குழு தற்காலிகமாகத் தன் பயணத்தை நிறுத்திக்கொண்டது. கலைஞர்கள் அவரவர் வழியில் மேலும் வளர்ந்தார்கள். எல். சங்கரின் 'டச் மீ தேர்' ஆல்பத்தை 1979-இல் தயாரித்தவர் அமெரிக்க ராக் உலகின் ஃபிராங்க் ஸப்பா.

விக்கு கடல் கடந்திருந்த அதே எழுபதுகளில் சென்னை வகுப்பறையில் நடந்ததை எந்த இசைத்தட்டும் பதிவு செய்யவில்லை. நம் கணக்கில் அது எந்தப் பரிசுக்கும் குறைந்ததில்லை. மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபால் வித்யாலயாவுக்கு வந்தது வயலின் கற்க. ஆசிரியர் விக்குவின் சகோதரர் குருமூர்த்தி. பக்கத்தில் ஒலித்த மிருதங்கம் அவர் மனத்தை இழுத்தது. ஹரிஹர சர்மா அதைக் கண்டுகொண்டு மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். பிறகு அந்தப் பெண்ணுக்குக் கடத்தின் மேல் ஆசை. பெண்ணின் விரல்களுக்கு அது தாங்காதே என்று விக்கு தயங்கினார். பெரியவர் தயங்கவில்லை. மகன் அமெரிக்காவில் இருந்த காலத்தில் தாமே உட்கார்ந்து சுகன்யாவுக்குக் கடம் கற்பித்தார். மகன் திரும்பி வந்தபோது மாணவி வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். கடம் வாசிக்கும் பெண்கள் என்ற வரிசைக்கு இப்படித்தான் தொடக்கம் கிடைத்தது. மேடையில் பெண்ணோடு சேர்ந்து வாசிக்க மறுத்த வித்வான்கள் அன்று இருந்தார்கள். சுகன்யா அதற்காக நின்றுவிடவில்லை. வெவ்வேறு சுருதியுள்ள கடங்களை வரிசையாக வைத்து வாசிக்கும் கடதரங்கத்தைத் தமக்கெனக் கொண்டார், பெண்கள் மட்டுமே கொண்ட தாள வாத்தியக் குழுவை அமைத்தார், 2014-இல் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். கடம் வாசிக்கும் பெண் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஒரே தட்டில் பரிமாறிய ஆசிரியர் என்று மேலே எழுதியதற்கு இதுவே சான்று.

எண்பதுகள் அமைதியான வளர்ச்சிக் காலம். தந்தைக்குப் பின் வித்யாலயாவின் முதல்வர் பொறுப்பு விக்குவிடம் வந்தது. தம்பி டி.எச். சுபாஷ் சந்திரன் கடம், கொன்னக்கோல் இரண்டிலும் பெயர் பெற்றுப் பல மாணவர்களை உருவாக்கினார். 1988-இல் விக்குவுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது வழங்கப்பட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிடைத்த வெற்றிக்குக் காரணமும் ஓர் அமெரிக்க ராக் கலைஞரே. 1965-இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய கிரேட்ஃபுல் டெட் அந்நாட்டின் மிகப் பெரிய ராக் குழுக்களுள் ஒன்று. 1967-இல் அதில் சேர்ந்த டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட், உலகத்துத் தாள வாத்தியங்களையெல்லாம் தேடித் தேடிக் கற்றவர். அவர் 1991-இல் வெளியிட்ட ஆல்பம் 'பிளானட் டிரம்'. நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுன்ஜி, சிக்கிரு அடேபோஜு, பிரேசிலின் ஏர்த்தோ மொரேரா, ஃப்ளோரா பூரிம், புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த ஜியோவானி ஹிடால்கோ, நம் ஜாகிர் உசேன் என்று பெரும் பட்டாளம். அவர்களோடு விக்குவின் கையில் மானாமதுரை மண்ணும் ஒலித்தது. 1992-இல் கிராமி பரிசுகளில் உலக இசை ஆல்பம் என்ற பிரிவு முதல் முறையாக ஏற்படுத்தப்பட்டபோது, முதல் பரிசே 'பிளானட் டிரம்'முக்குப் போயிற்று. விக்கு விநாயக்ராமின் வீட்டுக்குக் கிராமி வந்தது. அன்றைய தமிழ்நாட்டில் கிராமி என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. கடம் என்றால் விளக்க வேண்டியிருக்கவில்லை. வித்யாலயாவின் 34 ஆண்டு உழைப்பு அதில் இருக்கிறது.

1997-இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் குழு மீண்டும் கூடியது. முதல் சுற்றில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு விக்குவே கடம் வாசித்தார். பிறகு மகனிடம் இடத்தை ஒப்படைத்தார். வி. செல்வகணேஷ் தாத்தாவிடமும் தந்தையிடமும் பயின்றவர். அவருடைய முதன்மை வாத்தியம் கஞ்சிரா. உள்ளங்கை அகலத் தோலுக்குள் மிருதங்கத்தின் கனத்தையும் கொண்டுவர முடியும் என்று ஜி. ஹரிசங்கர் காட்டிய பாதையில், அதை உலக மேடைகளுக்குக் கொண்டு போனார் செல்வகணேஷ். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும் குழுவில் சேர்ந்தார், பின்னர் பாடகர் சங்கர் மகாதேவனும் வந்தார். 2000, 2001 ஆண்டுகளில் வந்த 'தி பிலீவர்', 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' இரண்டும் இந்தத் தலைமுறையின் முத்திரைகள். செல்வகணேஷின் பெயர் நம் தெருக்களில் வேறு வழியாகவும் நுழைந்தது. 2009-இல் வந்த 'வெண்ணிலா கபடிக்குழு' படத்துக்கு இசையமைத்தவர் அவர்.

2014-இல் விக்குவுக்குப் பத்மஸ்ரீ. அதே ஆண்டு செப்டம்பரில் 45 வயதில் ஸ்ரீநிவாஸ் மறைந்தார். குழுவுக்கும் கர்நாடக இசைக்கும் அது ஈடு செய்ய முடியாத இழப்பு. சில ஆண்டுகள் சக்தியின் பெயர் கேட்காமலே இருந்தது.

பெருந்தொற்றுக் காலம் எல்லா மேடைகளையும் மூடியது. சக்தி அதையே வாய்ப்பாக்கிக்கொண்டது. மெக்லாஃப்லின் மொனாக்கோவில், ஜாகிர் கலிஃபோர்னியாவில், மற்றவர்கள் இந்தியாவில். அவரவர் இருந்த இடத்தில் பதிவு செய்து அனுப்பிக் கோத்த ஆல்பம் 'திஸ் மொமன்ட்', 2023 ஜூன் 30 அன்று வெளிவந்தது. வயலின் கணேஷ் ராஜகோபாலன், பாட்டு சங்கர் மகாதேவன், தாளம் செல்வகணேஷ். 1977-க்குப் பிறகு, 46 ஆண்டுகள் கழித்து, சக்தி என்ற பெயரில் வந்த ஸ்டூடியோ ஆல்பம் இது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் லயத்தில் ஒன்றுவது எப்படி என்று ஐயப்படுவோர், வாயால் சொல்லிக் கணக்கை மனத்தில் நிறுத்தும் வித்யாலயாவின் பழைய பாடத்தை நினைத்துக்கொள்ளலாம். 2024 பிப்ரவரி 4 அன்று சிறந்த உலக இசை ஆல்பத்துக்கான கிராமி 'திஸ் மொமன்ட்'டுக்கு வழங்கப்பட்டது. தந்தைக்கு 1992-இல், மகனுக்கு 2024-இல். ஒரே பள்ளியின் இரண்டு தலைமுறைக்குக் கிராமி கிடைத்த கதை இது. அந்த ஆண்டே டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் சான் ஃபிரான்சிஸ்கோவில் காலமானார். 1975 ஜூலை மாலையில் கடத்துக்குச் சம ஆசனம் கொடுத்து வாசித்த பெருமகனுக்கு இந்த மலர் அஞ்சலி செலுத்துகிறது.

செல்வகணேஷின் மகன் சுவாமிநாதனும் கஞ்சிரா வாசிக்கிறார். ஹரிஹர சர்மாவிலிருந்து எண்ணினால் நான்காம் தலைமுறை.

பெரிய மார்க்கெட் வட்டார அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வீட்டில் தாளம் போடும் குழந்தை இருந்தால், ஆணோ பெண்ணோ, நம் ஊரிலுள்ள தாள வாத்திய ஆசிரியர் ஒருவரிடம் இந்த ஆண்டே சேர்த்துவிடுங்கள். பிள்ளைக்குக் கடம் வாங்க மானாமதுரை போகிறவர்கள் குயவர் சொல்லும் விலையை அப்படியே கொடுத்துவிட்டு வாருங்கள். பேரம் பேசுவதை நம் மார்க்கெட்டோடு வைத்துக்கொள்வோம்.